இரண்டு ஆலோசகர்களை விட்டு வந்தவருக்கு

கேள்வி: எனக்கு வயது 44. மதுரையில் மேல்நிலை மாணவர்களுக்கு இயற்பியல் டியூஷன் மையம் நடத்துகிறேன். சென்ற ஆண்டு எங்கள் பகுதியில் ஒரு பெரிய நீட் பயிற்சி நிறுவனம் கிளை திறந்தது. என் மாணவர்களில் பாதிப்பேர் அங்கே போனார்கள். நான் வளர்த்துவிட்ட இரண்டு ஆசிரியர்களும் போனார்கள். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. வீட்டில் எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது. என் மனைவி யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு, ‘நீங்கள் ஒரு நார்சிஸ்ட்’ என்கிறார். அவர் வற்புறுத்தியதால் ஓர் ஆலோசகரிடம் போனேன். என்னைவிட மிகவும் இளையவர். நான் சொன்னதை எழுதிக்கொண்டாரே தவிர உருப்படியாக எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது அமர்வோடு நிறுத்திவிட்டேன். பிறகு ஒரு மூத்த உளவியலாளரிடம் போனேன். அவரைப் போன்ற அறிவாளியை நான் பார்த்ததில்லை. என் வாழ்க்கை வரலாற்றைப் பதினான்கு பக்கங்களுக்குத் தட்டச்சு செய்து கொடுத்தேன். நான்கு மாதம் நன்றாகப் போனது. ஒருநாள் வேறு யாருக்கோ அவசரம் என்று என் நேரத்தை மாற்றினார். அடுத்த முறை, அந்தப் பதினான்கு பக்கங்களில் நான் தெளிவாக எழுதியிருந்த ஒன்றை என்னிடமே திருப்பிக் கேட்டார். அதன்பின் நான் போகவில்லை. நார்சிஸ்டுகளுக்குக் கவுன்சலிங் பலிக்காது என்று இணையத்தில் படித்தேன். அது உண்மையா? வேறொருவரைத் தேடுவதா, விட்டுவிடுவதா? தேடினால், மனைவி சொன்னதை அவரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

நார்சிஸக் குணக்கூறுகள், அதாவது தன்னைப் பற்றிய மிகைப் பெருமிதமும் பிறருடைய பாராட்டின் தேவையும், உள்ளவர்களுக்கு உளச்சிகிச்சை பலிக்காது என்பது உண்மையன்று. அவர்களுடைய சிகிச்சை பாதியில் நின்றுபோகும் வாய்ப்பு மற்றவர்களுடையதைவிட அதிகம் என்பது உண்மை. இணையத்தில் எழுதுபவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். ஆனால், அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டிய உங்களுக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம். சிகிச்சை எப்படி நின்றுபோகிறது என்பதைப் பாடநூல்களைவிட உங்கள் மடல் துல்லியமாகக் காட்டுகிறது; ஆகவே என் பதிலையும் அதைச் சுற்றியே அமைத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு நார்சிஸ ஆளுமைக் கோளாறு இருக்கிறதா என்பதை ஒரு மடலை வைத்து என்னால் சொல்ல முடியாது. காணொளிகளை வைத்து உங்கள் மனைவியாலும் சொல்ல முடியாது. இப்போதெல்லாம் மாமியார், மேலாளர், பிரிந்துபோன காதலர் என்று மனம் நோகச் செய்தவர்கள் அனைவருக்கும் இந்தப் பட்டம் தாராளமாக வழங்கப்படுகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் தன் நோயறிதல் கையேட்டின் மூன்றாம் பதிப்பில்தான் இதைத் தனிக் கோளாறாகச் சேர்த்தது. இன்றைய பதிப்பின்படி, குறிப்பிட்ட 9 அடையாளங்களில் குறைந்தது 5 இருக்க வேண்டும். அவையும் இளமையிலிருந்தே வாழ்வின் பல தளங்களில் தொடர்ந்து வந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 2022இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்போ அந்தத் தனிப்பெயரையே விட்டுவிட்டது. ஆளுமைச் சிக்கல் எவ்வளவு கடுமையானது, எந்தக் குணங்கள் மேலோங்கியிருக்கின்றன என்பதையே அது பார்க்கிறது. தொழில் சரிந்த ஓராண்டில் ஒருவருக்கு வரும் கோபத்தையும் தூக்கமின்மையையும் வைத்து இந்த முடிவுக்கு வந்துவிட முடியாது. எனினும், கோளாறு என்ற அளவுக்குப் போகாத நிலையிலும் இந்தக் குணக்கூறுகள் கூடுதலாகவோ குறைவாகவோ நம்மில் பலரிடம் இருக்கின்றன. அவை சிகிச்சை அறைக்குள்ளும் நம்முடனேயே வருகின்றன. அந்த அளவில் உங்கள் கேள்வி நியாயமானது.

‘பலிக்காது’ என்ற பேச்சு பழையது. ஆழ்மனத்தைப் பேச்சின் வழியே ஆராயும் உளப்பகுப்பாய்வு முறையை நிறுவிய ஃப்ராய்டு 1914இல் நார்சிஸம் பற்றிக் கட்டுரை எழுதிய காலத்திலிருந்தே, தன் மீதே முழு ஈடுபாட்டையும் திருப்பிக்கொண்டவர் சிகிச்சையாளரோடு உணர்ச்சிப் பிணைப்பை ஏற்படுத்திக்கொள்ள மாட்டார், அந்தப் பிணைப்பு இல்லாமல் உளப்பகுப்பாய்வு நடக்காது என்ற எண்ணம் நிலவியது. 1970களில் இரண்டு பேர் இதைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். இருவரும் வியன்னாவில் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர்கள்: சிகாகோவில் ஹைன்ஸ் கோஹுட், நியூயார்க்கில் ஆட்டோ கெர்ன்பெர்க். பிணைப்பு ஏற்படத்தான் செய்கிறது, அதன் வடிவம்தான் வேறு என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். அதை எப்படிக் கையாள்வது என்பதில்தான் கடுமையாக மோதிக்கொண்டார்கள். சிகிச்சையாளரை வானளாவப் புகழ்வதற்கும் மட்டம் தட்டுவதற்கும் அடியில் பொறாமையும் சினமும் இருக்கின்றன, அவற்றைத் தொடக்கத்திலேயே எடுத்துப் பேச வேண்டும் என்றார் கெர்ன்பெர்க். அந்தப் புகழ்ச்சி சிறுவயதில் கிடைக்காமல்போன ஒன்றின் தேடல், அதை அவசரப்பட்டு உடைக்கக் கூடாது என்றார் கோஹுட். என் அனுபவத்தில் முதல் சில மாதங்களுக்குக் கோஹுட்டின் வழியே பெரும்பாலும் உதவுகிறது. கெர்ன்பெர்க் சொன்ன சினமும் பிறகு தவறாமல் வந்து சேர்கிறது.

இந்தக் குணக்கூறுகளுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று வெளிப்படையான பெருமிதம். மற்றொன்று தொட்டாற்சிணுங்கி முகம்: சிறு அலட்சியமும் ஆழமாகத் தைத்து, வெட்கமாகவும் தூக்கமின்மையாகவும் பல நாள் உள்ளே கிடந்து அரிக்கும். லண்டனில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் ஹெர்பர்ட் ரோசன்ஃபெல்ட் 1987இல் இவர்களைத் தடித்த தோல் உள்ளவர்கள், மெல்லிய தோல் உள்ளவர்கள் என்று பிரித்துக் காட்டினார். நடைமுறையில் ஒரே மனிதரிடம் இரண்டும் மாறி மாறி வருகின்றன. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆரன் பிங்கஸும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பெருமித முகம் மேலோங்கியவர்கள் மருந்து, மருத்துவமனைச் சேர்க்கை போன்ற உதவிகளைக் குறைவாக நாடியதும், முன்பதிவு செய்த அமர்வுக்குச் சொல்லாமலே வராமல் இருந்ததும் தெரியவந்தன. தொட்டாற்சிணுங்கி முகம் மேலோங்கியவர்கள் நெருக்கடியில் உதவி தேடினார்கள், அமர்வுகளுக்கும் கூடுதலாக வந்தார்கள். ஆனால் அமர்வுகளை ரத்து செய்வதும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. உங்கள் முதல் விலகலில் பெருமித முகமும், இரண்டாவதில் மற்ற முகமும் இருந்தனவோ என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாகவும் இருக்கலாம், நேரில் பேசுபவர்தான் சொல்ல வேண்டும்.

முதல் ஆலோசகரிடம் நடந்ததைப் பார்ப்போம். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகை முன்னால் நிற்பவர் நீங்கள். தெரிந்தவர் நீங்கள், தெரியாதவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் என்பதுதான் உங்கள் அன்றாடம். திடீரென்று நீங்கள் எதிர் நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கிறது. உங்கள் மாணவர் வயதுடைய ஒருவர் குறிப்பெடுக்கிறார். உதவி கேட்பதே தோற்றுப்போவதாகத் தோன்றும் மனத்துக்கு இது பெரும் சோதனை. அப்போது மனம் மிக விரைவாக ஒரு வழியைக் கண்டுபிடிக்கும்: எதிரே இருப்பவரின் தகுதியை ஆராயத் தொடங்கும். எந்தக் கல்லூரி, எத்தனை ஆண்டு அனுபவம், திருமணம் ஆனவரா என்ற கேள்விகள் எழும். கேள்விகள் தவறானவை அல்ல. தகுதியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கேள்விகள் எந்த நிமிடத்தில் எழுந்தன என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெரும்பாலும், போய்விட்ட அந்த இரண்டு ஆசிரியர்களைப் பற்றிய பேச்சு வந்த பிறகாக இருக்கும்.

மேசையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2005இல் அமெரிக்காவில் 181 மனநல மருத்துவர்களிடமும் உளவியலாளர்களிடமும், நோயாளிகளைப் பற்றி அவர்களுக்கு என்ன உணர்ச்சிகள் எழுகின்றன என்று ஒரு குழு கேட்டது. நார்சிஸ ஆளுமைக் கோளாறு உள்ளவர்களைப் பற்றிப் பேசும்போது கோபம், மனக்கசப்பு, அடுத்த அமர்வை நினைத்தாலே ஓர் அச்சம் ஆகியவற்றையும், தாங்கள் சிறுமைப்படுத்தப்படுவதாகவும், கவனம் சிதறுவதாகவும், சிகிச்சையை முடித்துக்கொள்ளலாமா என்று தோன்றுவதாகவும் அவர்கள் சொன்னார்கள். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் இந்த உணர்ச்சிகளை அடையாளம் கண்டு பயன்படுத்திக்கொள்வார். பயிற்சி போதாதவர் பேனாவுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் பின்னால் ஒளிந்துகொள்வார். உங்கள் முதல் ஆலோசகர் எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டே இருந்தார் என்கிறீர்கள். அவரும் உங்களைப் பார்த்து அஞ்சியிருக்கக் கூடும். சிகிச்சை தோற்பதில் இருவருக்கும் பங்கு உண்டு. நோயாளியின் ஆளுமை மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் தப்பித்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை.

அடையாளங்கள் அனைத்தையும் மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆலை முதலாளி, மகன் வீட்டைவிட்டுப் போன பிறகு வந்தவர். ஒவ்வொரு வாரமும் கட்டணத்தை மேசை மேல் வைக்கும்போது, ‘பேசிக்கிட்டு இருக்கிறதுக்கு இவ்வளவா?’ என்பார். தன் வாழ்க்கையைக் கூட்டத்தில் பேசுவதைப் போல விவரிப்பார். இடையில் நான் ஒரு வாக்கியம் சொன்னால், சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஒருநாள், தன் அழைப்பை மகன் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்தினார். கைக்கடிகாரத்தின் பட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தலை நிமிராமல், ‘நான் பேசுறது உங்களுக்கு அலுப்பா இருக்கா?’ என்று கேட்டார். எதிரே இருப்பவருக்கு என்ன தோன்றுகிறது என்று அவர் கேட்டது அதுவே முதல் முறை. சில வாரங்களாக அவருடைய பேச்சில் நான் இல்லாதவனைப் போல உணர்வதாக உண்மையைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தார். மகனும் இதையேதான் வேறு வார்த்தைகளில் சொல்லியிருந்தான் என்றார். அந்தச் சிகிச்சை உண்மையில் அங்கேதான் தொடங்கியது.

இப்போது உங்கள் இரண்டாவது சிகிச்சையாளர். அவரைப் போன்ற அறிவாளியைக் கண்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் மூத்தவர்களையும் படித்தவர்களையும் உயர்த்திப் பேசுவது இயல்பு என்பதால், இந்த உயர்த்தலுக்குள் இருக்கும் எதிர்பார்ப்பு சிகிச்சையாளரின் கண்ணிலும் படாமல் போய்விடலாம். ‘நீங்க சொன்னா சரியா இருக்கும் சார்’ என்பதை வெறும் மரியாதையாக அவர் எடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் மிகச் சிறந்தவர் ஒருவர் என்னை முழுமையாகப் புரிந்துகொள்கிறார், ஆகவே நானும் குறைந்தவன் அல்லன் என்ற நிம்மதி அந்த நான்கு மாதங்களில் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அந்தப் பதினான்கு பக்கங்களும் அதற்காகவே தரப்பட்டவை என்று நினைக்கிறேன். சொல்லாமலே, மறக்காமலே, ஒரு வரி விடாமல் ஒருவர் உங்களை அறிந்திருக்க வேண்டும் என்ற ஆசை அதில் தெரிகிறது. அது இழிவான ஆசையன்று. ஆனால் வாரத்துக்கு இருபது பேரைப் பார்க்கும் ஒரு மனிதரால் அதை நிறைவேற்ற முடியாது. அவர் நேரத்தை மாற்றினார், எழுதியிருந்ததை மறந்தார். நீட் நிறுவனத்துக்குப் போன மாணவர்களும் ஆசிரியர்களும் செய்ததையே அவரும் செய்துவிட்டதாக உங்கள் மனம் கணக்கிட்டிருக்கிறது: என்னைவிட வேறு யாரோ முக்கியம்.

நான் சொல்ல விரும்புவது முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சிகிச்சையாளர் சிறிய அளவில் ஏமாற்றமளிக்கும் தருணங்கள், அவை இருவராலும் பேசப்படுமானால், சிகிச்சையின் முக்கியமான வேலையாகவே ஆகின்றன என்றார் கோஹுட். ஏமாற்றத்தைத் தாங்கி, அதைச் சொல்லி, மற்றவரின் பதிலைக் கேட்டு, உறவு முறியாமல் இருப்பதை ஒருவர் திரும்பத் திரும்ப அனுபவிக்கும்போது, வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டிய மதிப்பின் தேவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. சிகிச்சை உறவில் ஏற்படும் விரிசல்களையும் அவற்றைச் சரிசெய்வதையும் ஆராய்ந்த ஜெரமி சாஃப்ரனும் கிறிஸ்டஃபர் முரானும், வேறு கோட்பாட்டுப் பின்னணியிலிருந்து வந்தும், ஏறத்தாழ இதே முடிவையே எட்டினார்கள். நீங்கள் எழுந்து போன அந்த வாரம், நான்கு மாதத் தயாரிப்புக்குப் பிறகு சிகிச்சை தொடங்கவிருந்த வாரமாக இருந்திருக்கலாம். ஆகவே போகாமல் நின்றுவிடத் தோன்றும் எண்ணத்தை, சிகிச்சை தவறிவிட்டது என்பதன் அறிகுறியாக உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த அமர்வில் முதலில் பேச வேண்டிய செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு வெளியேற்றமும் உண்டு. தூக்கம் சீராகி, மையத்தில் சேர்க்கை கூடியதும், ‘இப்ப நல்லா இருக்கேன்’ என்று நிறுத்திவிடுவது. வந்த குறை தீர்ந்துவிட்டால் நிறுத்துவது நியாயம்தானே என்று தோன்றும். உங்கள் தூக்கம் மாணவர் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருக்கும்வரை அது தீர்வாகாது என்பது மட்டும்தான் என் ஆட்சேபம்.

ஆய்வுச் சான்றுகள் குறித்தும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தக் கோளாறுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. உடன்வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து உதவும், தேவைப்பட்டால் மனநல மருத்துவர் தருவதை மறுக்காதீர்கள். உளச்சிகிச்சையிலும் இதற்கென்றே நடத்தப்பட்ட பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் குறைவு. நெதர்லாந்தில் 12 நிறுவனங்களில் 323 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஜெஃப்ரி யங் வகுத்த ஸ்கீமா சிகிச்சை (சிறுவயதில் வேரூன்றிய மனப்பாங்குகளை மாற்ற முயலும் முறை) வழக்கமான சிகிச்சையைவிட நல்ல பலன் தந்தது. ஆனால் அந்த 323 பேரில் நார்சிஸ ஆளுமை உள்ளவர்கள் சிறு பகுதியினரே. அந்த ஆய்வில் சிகிச்சைத் திட்டம் 50 அமர்வுகளைக் கொண்டது, அவற்றில் 40 முதல் ஆண்டில் நடந்தன என்பதைக் கவனியுங்கள். மூன்று அமர்வுகளில் முடிவு கட்டக்கூடிய விஷயம் இதுவல்ல என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

எனக்கு நம்பிக்கை தருவது ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எல்சா ரோனிங்ஸ்டாமும் சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு. நார்சிஸம் மேலோங்கிய 20 பேரை மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தபோது, பெரும்பாலோரிடம் அது கணிசமாகக் குறைந்திருந்தது. குறைந்தவர்களின் வாழ்வில் மூன்று வகை அனுபவங்கள் இருந்தன: உண்மையான சாதனை, நிலைத்த உறவு, தன்னைப் பற்றிய மிகைக் கற்பனையைத் தாங்கத்தக்க அளவில் கலைத்த ஏமாற்றம். இந்த மூன்றாவதற்கான வாய்ப்பு உங்களுக்கு வந்திருக்கிறது. தாங்கத்தக்க அளவில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெருமை திடீரெனச் சரியும்போது எழும் அவமான உணர்ச்சி ஆபத்தானது. வெளியே கம்பீரமாகத் தெரிபவர்களே யாரிடமும் சொல்லாமல் விபரீத முடிவுக்குப் போவதுண்டு. தூக்கமில்லாத இரவுகளில் வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலும், அடுத்த அமர்வுவரை காத்திருக்காமல் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை (டெலிமானஸ்) அழையுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் கட்டணமில்லாச் சேவை அது, தமிழிலேயே பேசலாம்.

இனி, யாரிடம் போவது என்ற கேள்வி. மூன்றாவது ஒருவரைத் தேடுவதற்கு முன்னால், இரண்டாமவரிடம் ஒரே ஒரு அமர்வுக்காவது திரும்பிப் போங்கள் என்பது என் ஆலோசனை. நேரம் வாங்கும்போது காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும், ‘அன்று நீங்கள் நேரத்தை மாற்றியதும், நான் எழுதிக் கொடுத்ததை மறந்ததும் என்னை அவமதித்ததாகத் தோன்றியது, அதனால்தான் வரவில்லை’ என்று சொல்லுங்கள். இதற்கு முன்னுரையோ, அவருடைய நிறைகளைப் புகழும் வாக்கியங்களோ வேண்டாம். பிறகு அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தன் பங்கை ஒப்புக்கொண்டு, அன்று உங்களுக்குள் நடந்தது என்ன என்று ஆர்வத்தோடு கேட்டால், சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள். தற்காப்பாகப் பேசினாலோ, ‘பார்த்தீர்களா, இதுதான் உங்கள் நார்சிஸம்’ என்று முத்திரை குத்தினாலோ, வேறொருவரைத் தேடுவதில் தவறில்லை. அப்படித் தேடும்போது, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்பதையும், ஆளுமைச் சிக்கல்களோடு நீண்டகாலம் பணியாற்றிய அனுபவம் உண்டா என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டு முறை திடீரென்று நிறுத்தியவர் நீங்கள் என்பதையும் அப்போதே சொல்லி, மறுபடியும் நிறுத்தத் தோன்றினால் முன்னறிவிப்பாகச் சொல்லிவிட்டுக் குறைந்தது இரண்டு அமர்வுகள் வந்து பேசுவதாக ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். சிகிச்சையாளரும் நோயாளியும் இணைந்து செயல்படும் கூட்டுறவுக்கு மூன்று தூண்கள் என்றார் உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல்: எதை அடைவது என்பதில் ஒப்புதல், எப்படி என்பதில் ஒப்புதல், இருவருக்கிடையே பிணைப்பு. உங்களுக்கு மூன்றாவது ஆட்டம் காணும்போதெல்லாம் முதல் இரண்டும் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதற்காகவே அவற்றை முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிக்கொள்ளச் சொல்கிறேன்.

மனைவி சொன்னதைச் சிகிச்சையாளரிடம் சொல்ல வேண்டுமா? சொல்லுங்கள். ஆனால் பட்டத்தை மட்டும் சொல்லி, அது பொருந்துகிறதா இல்லையா என்று தீர்ப்புக் கேட்காதீர்கள். மனைவி அதைச் சொல்வதற்குச் சற்று முன்னால் வீட்டில் என்ன நடந்தது, நீங்கள் என்ன சொன்னீர்கள், அவர் முகம் எப்படி மாறியது என்பதைச் சொல்லுங்கள். நீங்கள் பேசுவது மனைவிக்கோ ஊருக்கோ போகுமோ என்ற தயக்கம் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் தகவல்களின் இரகசியத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது, உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. இருவரும் சேர்ந்து போகும் தம்பதி ஆலோசனையை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்று நினைக்கிறேன். யார் பக்கம் நியாயம் என்று ஆலோசகரிடம் வழக்காடும் மேடையாக அது எளிதில் மாறிவிடும்; நன்றாக வாதாடத் தெரிந்த நீங்கள் அங்கே வென்றும்விடுவீர்கள். உங்கள் கோபம் எப்போதாவது கை ஓங்கும் அளவுக்குப் போயிருந்தால், மடலில் எழுதாத அதைத்தான் சிகிச்சையாளரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

முன்னேற்றத்தை எதைக் கொண்டு அறிவது என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம். பணிவானவராக மாறிவிடுவீர்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு மாணவர் வேறு மையத்துக்கு மாறினால் இப்போது ஒரு மாதம் மனம் கொதிக்கிறது என்றால், அது ஒரு வாரமாகக் குறைகிறதா என்று பாருங்கள். போன அந்த இரண்டு ஆசிரியர்களில் ஒருவரைக் கடைவீதியில் எதிர்ப்பட நேர்ந்தால், அவருடைய புதிய வேலை எப்படி இருக்கிறது என்று பதிலைத் தெரிந்துகொள்வதற்காகவே கேட்க முடிகிறதா என்றும் பாருங்கள்.